ஆகாயக் கப்பலை நிறுத்திய மதினி

என் மகன் வீட்டுத் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை தவறாமல் ஓர் ஆகாயக் கப்பல் வெடிக்கிறது. பச்சை வெளிச்சம், சிவப்பு வெளிச்சம், காது கிழிகிற சத்தம். உள்ளே ஏழெட்டுப் பேர் வெள்ளிச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன், "இன்னும் சற்று நேரத்தில் நாம் அழிந்துவிடுவோம்" என்கிறான். பக்கத்தில் நிற்கிறவள், "ஆம், தளபதி" என்கிறாள். சாகப் போகிறவள் பேசுகிற பேச்சா இது? அவளுக்கு ஒரு தாய் கிடையாதா, கோபம் கிடையாதா, இந்தத் தளபதியை நம்பி வந்தேனே என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாதா? கப்பலுக்குக் கொட்டிய காசில் கால்வாசியை, பேச்சு எழுதத் தெரிந்த ஒருவனுக்குக் கொடுத்திருக்கக் கூடாதா? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. நான் கத்தினால் மருமகள், "மாமா, இது விஞ்ஞானத் தொடர், இப்படித்தான் இருக்கும்" என்கிறாள்.

இதே பதிலை நான் வாலிபத்தில், கண்டிச் சீமையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கேட்டிருக்கிறேன். அங்கே அந்தப் பதிலுக்கு உடனே மறுமொழி கிடைத்தது. மறுமொழி சொன்னவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த காம்பராவில் இருந்த மதினி. சொந்தத்தில் மதினி இல்லை. அவருடைய வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் அவர் மதினி ஆனார். அவருடைய பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால், "என்னையக் கேட்டியா?" என்பார். உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ, அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றைக்கும் பயம்தான்.

கேட்பதுதான் அவருடைய வேலை. கொழுந்து பறிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். வேஷம் கட்டிய ரதியும் மதனும் லயம் லயமாக, வாசல் வாசலாக வருவார்கள். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேஷம் கலைக்கிறவரை அவர்களைச் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வாசலில் நிற்கிற யார் எதைக் கேட்டாலும், மதன் வேஷக்காரன் மதனாகவே நின்று பதில் சொல்லவேண்டும். சொல்லாமல் அடுத்த வாசலுக்கு நகரக் கூடாது. எல்லாரும் மழை வருமா, மகளுக்கு மாப்பிள்ளை வருமா என்று கேட்பார்கள். மதினி மதனிடம் வேறொன்று கேட்டார். "கெட்ட கனாக் கண்டேன், போகாதீங்கன்னு இந்தப் புள்ள காலப் புடிக்கிது. அது பேச்சத் தட்டிட்டு யாரு பேச்சக் கேட்டுப் போறீங்க?" மதன் வேஷக்காரன் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், தூள் சலிக்கிறவன். சிவன் தவத்தைக் கலைக்க இந்திரன் கட்டளை என்று மீசையை முறுக்கினான். மதினி விடவில்லை. இந்திரனா உனக்குப் பொங்கிப் போடுகிறான் என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. மதனுக்குப் பதில் வரவில்லை, அதனால் நகரவும் முடியவில்லை. கடைசியில் ரதி வேஷம் போட்டிருந்த பையன் நிஜமாகவே தேம்ப ஆரம்பித்துவிட்டான். அந்த வருஷம் காமன் எரிந்தபோது பெண்கள் அழுததைப்போல நான் எந்த வருஷமும் பார்க்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் சரி. காமன் கூத்து வழக்கத்தை மதினி எல்லா நாடகத்துக்கும் நீட்டிவிட்டார். ஹட்டன் டவுனிலிருந்து ஒரு நாடகக் குழு வந்தது. ராஜா ராஜ்ஜியத்தைத் துறந்து காட்டுக்குப் போகிறார். மதினி எழுந்து நின்று, வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போகிறீர்களா என்று ராஜாவை விசாரித்தார். ராஜா கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, அம்மா, நாடகம் நடக்கிறது, உட்காருங்கள் என்றார். எங்கள் சனம் விடுமா? பதிலைச் சொல்லிவிட்டுப் போய்யா என்று நாலாப் பக்கமும் கூச்சல். அந்தக் குழு அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். கூடவே வாழ்ந்தவர்களுக்குச் சிரிப்பு வராது. மேல் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பரிசம் போட்டார்கள். வெற்றிலைத் தட்டு கைமாறுகிற நேரம். மதினி வாசல்படியில் நின்றபடி அந்தப் பெண்ணைப் பார்த்து, ஆத்தா, உனக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, இல்லை என்றது. தட்டு கீழே விழுந்தது, ஒருவருக்கொருவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்கள், பெண்ணின் தகப்பன் மதினியின் வாசலில் மண்ணை வாரித் தூற்றினான். அந்த லயத்தில் ரொம்ப நாளைக்கு அவருக்கு நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை. எனக்கும் அன்று கோபம்தான். நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்று சண்டைக்குப் போனேன். "வாயி இருந்திச்சு, கேட்டேன். அதுக்கும் வாயி இருந்திச்சு, சொல்லிச்சு. இதுல நான் எதக் கெடுத்தேன்?" என்றார். கொழுந்து பறிக்கிற மலையிலும் இதே கதைதான். கங்காணியைக் கேள்வி கேட்டதற்குத் தண்டனையாக, அட்டை கடிக்கிற தூரத்து மலைக்கே அவரை எப்போதும் அனுப்புவார்கள்.

இப்பேர்ப்பட்ட பெண்ணுக்கு வாய்த்தவர், யாரையும் எதையும் கேட்காத மனுஷன். அண்ணன் ஸ்டோரில் என்ஜின் ரூம் வேலை. தங்கமானவர், குடி கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. ஆனால் ஆடு வாங்கினாலும் விற்றாலும், பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாலும், விஷயம் நடந்து முடிந்த பிறகுதான் மதினிக்குத் தெரியும். மதினி சத்தம் போடுவார். அண்ணன் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே என்ஜின் ரூமுக்குப் போய்விடுவார். ஊரெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, வீட்டில் மட்டும் பதில் இல்லை.

அந்த அண்ணனை ஹட்டன் தியேட்டரில் ஓடிய ஓர் இங்கிலீஷ் படம் பிடித்து ஆட்டிவிட்டது. ஆகாயக் கப்பல் படம். பேச்சு ஒன்றும் புரியவில்லையாம், கப்பல் மட்டும் கண்ணிலேயே நிற்கிறதாம். அப்போது ரஷ்யாக்காரன் ஆளை வானத்துக்கு அனுப்பிவிட்டான் என்று பேப்பரெல்லாம் அதே பேச்சு. நாமும் ஒரு விஞ்ஞான நாடகம் போடவேண்டும் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்தார். பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை உரித்து மேலே ஒட்டினார். பெட்டிக்குக் கட்டுகிற தகரப் பட்டையை வளைத்து மூக்கு வைத்தார். மரக்கிளையில் கயிற்றைப் போட்டு இரண்டு பேர் இழுத்தால் கப்பல் ஆளுயரத்துக்கு எழும்பும். உள்ளதைச் சொல்லவேண்டும், அந்தக் கப்பல் அழகாகத்தான் இருந்தது. வெயில் பட்டால் கண் கூசும்.

நாடகத்தையும் அவரே எழுதினார். பூமி வாழ முடியாத இடமாகிவிட்டது. ஒரு விஞ்ஞானி பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு புதுக் கிரகத்துக்குப் போகிறார். முக்கால்வாசி நேரம் விஞ்ஞானி கப்பலின் ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டு விளக்குவார். அண்ணன்தான் விஞ்ஞானி, தலையில் அலுமினியச் சட்டி. நான் பெண்சாதி. மீசை நன்றாக முளைக்காத முகம் என்று எனக்குச் சேலை கட்டிவிட்டார்கள். எனக்கு மொத்தம் ஒரே ஒரு வசனம். "தங்கள் சித்தம் என் பாக்கியம், நாதா." சொல்லிவிட்டுக் கப்பலில் ஏறவேண்டும்.

லயத்து வாசலில் ஒத்திகை நடந்தபோது மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கப்பல் ரொம்ப நன்றாக இருக்கிறது, உள்ளே ஏறுகிற இரண்டு பேர் யார் என்று கேட்டார். விஞ்ஞானியும் அவர் மனைவியும் என்றார் அண்ணன். அது தெரிகிறது, அவர்கள் என்ன மாதிரி ஆட்கள், இவளுக்கு அவன்மேல் ஆசையா, பயமா, புருஷன் பூமியையே விட்டுப் போகலாம் என்கிறான், இவள் வளர்த்த கோழியைக்கூட நினைக்கமாட்டாளா என்று மதினி அடுக்கிக்கொண்டே போனார். அண்ணனுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இது விஞ்ஞான நாடகம். இதுல குடும்பச் சண்டைக்கு எடமில்ல."

"அப்ப கப்பல மட்டும் அனுப்புங்க. ஆள எதுக்கு ஏத்துறீங்க?"

நான் சேலையோடு நின்று கெக்கெக்கே என்று சிரித்தேன். மதினி என் பக்கம் திரும்பி, அடி என் தங்கச்சி, உன் வாயில் கொழுக்கட்டையா இருக்கிறது என்றார்.

இதெல்லாம் அறுபதுகளின் நடுவில். அப்போது எங்கள் தலைக்குமேல் நடந்துகொண்டிருந்ததைச் சொன்னால்தான் மீதி விளங்கும். நாற்பத்தெட்டில், இந்த மலையில் பிறந்து இந்த மலைக்கே உரமான சனத்தை, நீங்கள் இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று சட்டம் போட்டுத் தள்ளினார்கள். அறுபத்துநாலில் இந்த நாட்டுப் பெரியவர்களும் இந்தியாவின் பெரியவர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று ஆட்டுப்பட்டியைப் பிரிப்பதுபோலப் பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். எங்களில் ஓர் ஆளைக்கூட அவர்கள் கேட்கவில்லை.

நாடகம் வைத்திருந்த கோயில் திருவிழாவுக்கு முந்தின வாரம், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒருத்தி மதினியிடம், நீங்களும் இந்தியாவுக்குப் போகிறீர்களாமே என்றாள். யார் சொன்னது என்று மதினி கேட்டார். கண்டிக்குப் போய், இந்தியாவுக்குப் போகக் குடும்பம் முழுக்கவும் பேர் பதிந்துவிட்டு வந்ததை அண்ணன் என்ஜின் ரூமில் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு ஸ்டோரைச் சுற்றி, மலையைச் சுற்றி, கடைசியில் மடுவத்தில் பெண்சாதியின் காதுக்கு வந்தது. அப்போது நான் கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். மதினி கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். வீட்டிலும் ஒரு வார்த்தை இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. மதினியின் தாயைப் புதைத்த இடம் எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருந்தது. இந்தியாவில் அவருக்குத் தெரிந்த ஒரு முகம் கிடையாது. இந்தியா அவருக்குப் புதுக் கிரகம்தான். கேட்காமல் கொண்டுபோகப் போகிறாரே இந்த மனுஷன் என்று எனக்கு அண்ணன்மேல் வந்த ஆத்திரத்தில், அவரோடு சேர்ந்து பீடிகூடக் குடிக்கவில்லை.

இருட்டின பிறகு கூட்டம் கூடக் கூடாது என்று தோட்டத்துத் துரை உத்தரவு. அதனால் நாடகம் பகலில், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில். தேர் நிலைக்கு வந்த மறுநாள் மத்தியானம். ஆரம்பிக்கும்போது நல்ல வெயில், கப்பல் தகதகவென்று நின்றது. அண்ணன் உறுப்பு உறுப்பாக விளக்கி முடிப்பதற்குள் மலையிலிருந்து பனிமூட்டம், எங்கள் பேச்சில் மிஸ்ட், இறங்கி மேடையை மூடிக்கொண்டது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கயிறு பிடித்தவர்கள் வெற்றிலை போடப் போய்விட்டு வந்தார்கள். கடைசியில் அண்ணன் கையை உயர்த்தி, இந்தப் பூமி நம்மைக் கைவிட்டது, புதுக் கிரகம் அழைக்கிறது, ஏறு கண்ணே என்றார். நான், "தங்கள் சித்தம் என் பாக்கியம், நாதா" என்று சொல்லி, ஒரு காலைப் பலகையில் வைத்தேன்.

"ஏங்கய்யா, ஆகாயத்துக்குப் போறவரே. கொஞ்சம் நில்லுங்க."

பெண்கள் பக்கம் மதினி எழுந்து நின்றார். சனம் சிரித்தது. இதற்காகவே காத்திருந்த சனம் அது. அண்ணனும் லேசாகச் சிரித்தார். கப்பலைப் பற்றி மதினி ஏதாவது கேட்டால் சொல்லவேண்டும் என்று அவர் எண்ணெய்க் கணக்கெல்லாம் தயாராக வைத்திருந்தார்.

"அந்தப் புள்ளையக் கேட்டீங்களா, வர்றியான்னு?"

சிரிப்பு நின்றுவிட்டது. கண்டி விஷயம் தெரியாதவர் அந்தக் களத்தில் ஒருவர்கூட இல்லை. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள்தான் சொல்லிவிட்டாளே, என் சித்தம் அவள் பாக்கியம் என்று, என்றார்.

"அது நீங்க எழுதிக் குடுத்தது. அந்தப் புள்ள பேசல. நீங்க கேட்டீங்களா?"

அண்ணன் சட்டியைக் கழற்றவில்லை. கழற்றியிருந்தால் தப்பித்திருப்பார். வேஷத்தில் நிற்கிறவன் பதில் சொல்லாமல் நகரக் கூடாது என்பது அவருக்கும் ரத்தத்தில் ஊறியது. மிஸ்ட் இன்னும் கெட்டியாகிவிட்டது. மதினி என்னைப் பார்த்தார்.

"நீயாவது கேளுடி தங்கச்சி."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த ஆத்திரமோ என்னவோ. காலைப் பலகையிலிருந்து எடுத்து, நாடகக் குரலெல்லாம் போய், என் சொந்தக் குரலில் கேட்டேன். "என்னையக் கேட்டீங்களா?"

"கேக்கல" என்றார் அண்ணன்.

"ஏன் கேக்கல?" என்றேன்.

"கேட்டா வரமாட்டேன்னு சொல்லுவ." அப்புறம் அவர் உடைந்துவிட்டார். அந்த மனுஷன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் முன்னும் பின்னும் கேட்டதில்லை. "என்னைய எவன் கேட்டான்? நாப்பத்தெட்டுல நீ இந்த நாட்டான் இல்லேன்னானுங்க, கேட்டானுங்களா? இப்ப நீ இங்குட்டு, நீ அங்குட்டுன்னு பிரிச்சானுங்க, கேட்டானுங்களா? ஒருத்தனும் கேக்கல. நான் மட்டும் எதுக்குக் கேக்கணும்?"

சட்டி போட்ட விஞ்ஞானி நாற்பத்தெட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று ஒருவரும் நினைக்கவில்லை. கொட்டாவி விட்ட பிள்ளைகள்கூட வாயைப் பிளந்து பார்த்தார்கள். கயிறு பிடித்தவர்களில் ஒருவன் மூக்கை உறிஞ்சினான்.

மதினியின் குரல் தணிந்துதான் வந்தது. "அவனுங்க கேக்கமாட்டானுங்க. அவனுங்க எங்கூட ஒக்காந்து சோறு திங்கலீங்க. நீங்க திங்கிறீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் என்னைத்தான் பார்த்தார். ஆனால் பார்வை என்னைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போயிற்று. "வர்றியா?" என்றார்.

எனக்கு வசனம் தெரியவில்லை. எழுதித் தரவும் ஆள் இல்லை. மதினியைப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுடி" என்றார். சொன்னேன். அவ்வளவுதான் நாடகம். கப்பல் எழும்பவே இல்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை. சனம் கலையாமல் அங்கேயே கும்பல் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தது. அன்று சாயந்தரம் எங்கள் தோட்டத்தில் எத்தனையோ வீட்டில் சண்டை. என்னைக் கேட்டாயா, என்னைக் கேட்டாயா என்று லயத்துக்கு லயம் ஒரே குரல். இந்தப் பொம்பளை தோட்டத்தையே கெடுத்துவிட்டாள் என்று கங்காணி காறித் துப்பினார். நாலு உருப்படியான பேச்சு, அதுவும் கடைசி நிமிஷத்தில், ஓர் ஈயத்தாள் கப்பலுக்குப் பக்கத்தில். அதைத்தான் நாங்கள் வருஷக்கணக்கில் பேசினோம். கோடி கோடியாகக் கொட்டி இன்றைக்குக் கப்பல் விடுகிறவர்களுக்கு இது ஏன் உறைக்கவில்லை என்றுதான் நான் வெள்ளிக்கிழமைதோறும் கத்துகிறேன்.

மதினி யோசித்தார். அண்ணன் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, என்ஜின் ரூமுக்குள் ஓடி ஒளியவும் இல்லை. அங்கே எங்கே படுப்போம், யார் சோறு போடுவார்கள், ஆத்தாவைப் புதைத்த இடத்தில் யார் விளக்கு வைப்பது என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அண்ணன் பழகிக்கொண்டார்.

ஒரு நாள் லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது மதினி என்னிடம் சொன்னார். "போறோம் தம்பி. இங்க மட்டும் எனக்கு என்ன எழுதி வச்சிருக்கு? ஆனா கேட்டாருல்ல, அதுக்காகப் போறேன். கேக்காம இழுத்துட்டுப் போயிருந்தா, அந்த ஆளுக்குச் சாகிற நேரத்துலகூட ஒரு வாய்த் தண்ணி குடுத்திருக்கமாட்டேன்." விளக்கு வைக்கிற வேலையை என் தலையில் கட்டினார். எனக்குச் சம்மதமா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கட்டினார்.

கொஞ்ச வருஷம் கழித்துத்தான் அவர்களுடைய முறை வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ரயில் நின்றது. அழுகைச் சத்தத்தில் இரும்பே உருகும்போல இருந்தது. உத்தியோகத்தர் ஒருவர் குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டு, ஆண்களிடம் மட்டும் விசாரித்துக்கொண்டு வந்தார். அண்ணனிடம் வந்து, பெண்சாதியின் பேர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, இவள் சொந்த விருப்பத்தில்தான் போகிறாளா என்றார். மதினி ஒரு முழத் தூரத்தில், மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் எப்போதும்போல மெதுவாகத்தான் சொன்னார். "அவளக் கேளுங்கய்யா. இங்கதான் நிக்கிறா."

மதினி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, கேட்கட்டும் என்று நிமிர்ந்து நின்றார். உத்தியோகத்தர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்.